6 மணி கூட்டவும்

பெயர் சாத்திபால்டி, தகப்பனார் பெயர் ஓமுர்சாக், வயது 53. நாரின் மாகாணம், தாஷ்-கெச்சூ கிராமம், பள்ளிக்கூடத் தெரு 14ஆம் எண் வீட்டில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தொழில் என்ற இடத்தில், இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி "கணினிப் பொறுப்பாளர்" என்று எழுதினார். ஆற்று நீர்ச் சங்கத்தில் என் கதவில் தொங்கும் பலகையும் அதையேதான் சொல்கிறது. உண்மையில் நான் சங்கத்தின் ஜீப் டிரைவர். ஜீப் ஓடாமல் போனதாலும், என் மகள் சைகல் தலைநகர் பிஷ்கெக்கில் கணினி படிப்பதாலும் எனக்கு அந்தப் பலகை கிடைத்தது.

கடந்த ஏப்ரலில் ஆற்றின் மேல்புறம் நீர்மட்டக் கருவி ஒன்று பொருத்தினார்கள். அது அனுப்பும் அளவுகளைச் சேர்த்துக் கோடாக வரைந்து காட்டும் நிரலை வெளியாரிடம் விடாமல், எங்கள் கம்ப்யூட்டரிலேயே நிறுவ வேண்டும் என்று தலைவர் சொன்னார். சைகல் போனில் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டினேன். நிரலும் அதற்கு வேண்டிய சாமானும் கன்டெய்னர் என்ற மூடிய பெட்டிக்குள் வரும். பெட்டியை ஏற்றினால் ஓடும், இறக்கினால் நிற்கும். லாரியும் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதன் பிறகு மே மாதம் திறப்பு விழா வைத்தார்கள். என் மனைவி இரண்டு கூடை போர்சோக் பலகாரம் பொரித்தாள். விழாவுக்குப் புதிதாக இருக்கட்டும் என்று, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, அன்று காலை பழைய பெட்டியை அழித்துவிட்டுப் புதுப் பெட்டியை ஏற்றினேன். தலைவர் ரிப்பனை வெட்டித் திரையைப் பார்த்தபோது நாற்பது நாள் அளவுகளில் ஒன்றுகூட இல்லை. முதல் பயனரின் பெயர் என்ன என்று அது எங்களையே கேட்டது. கூட்டத்தில் இருந்த மேய்ப்பர் தோலோமுஷ் அண்ணன், "டேய் சாத்தி, ஆத்தையே அழிச்சிட்டியேடா! இனிமே செருப்பு நனையாம அக்கரைக்குப் போவலாம் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை சைகல், "சேர்றதையெல்லாம் பெட்டிக்கு வெளிய வைக்கணும்னு எத்தனை வாட்டிப்பா சொன்னேன்?" என்று திட்டி, அளவுகள் வெளியே தனியாகச் சேரும்படி செய்தாள். ஜூன் மாதம் மறுபடி போன் செய்து, "அப்பா, பெட்டிக்குள்ள கடிகாரம் நம்ம நேரத்துக்கு ஆறு மணி நேரம் பின்னாடி ஓடுது. ஒரு வரி சேத்துட்டு, பெட்டிய இறக்கி ஏத்து. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். "ஓடுற வண்டியோட பானெட்ட எதுக்குடி தொறக்கணும்?" என்றேன். விழாவுக்குப் பிறகு பெட்டியை இறக்க எனக்குப் பயம். அதற்குப் பதில் ஒரு தாளில் "6 மணி கூட்டவும்" என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.

ஆற்றைக் கடக்குமுன் மேய்ப்பர்கள் சங்கத்துக்குப் போன் செய்வதும், பணியில் இருப்பவர் திரையைப் பார்த்து "வாங்க" என்றோ "இருங்க" என்றோ சொல்வதும் எங்கள் வழக்கம்.

ஆகஸ்ட் 19ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, இரவுப் பணி முடித்த கச்கின்பாய் அண்ணன், "ராத்திரி பூரா ஒண்ணுமில்ல. தண்ணி தூங்குது, நீயும் தூங்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். 11.45 மணிக்குத் தோலோமுஷ் அண்ணன் ஆற்றுத் துறையிலிருந்து போன் செய்தார்.

"என்னடா கம்ப்யூட்டரு, ஆறு இருக்கா, இன்னிக்கும் அழிச்சிட்டியா?"

திரையில் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. அதன் கீழ் மணி 05.40 என்று இருந்தது. விடியற்காலையில் ஏறியிருக்கிறது, கச்கின்பாய் அண்ணன் தூங்கியிருப்பார், கருவியும் அடிக்கடி செய்வதுபோல அப்போதே அளவு அனுப்பாமல் ஊமையாகியிருக்கும், இதற்குள் வடிந்திருக்கும் என்று நினைத்தேன். தாள் அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது தெரிவதே நின்றுபோயிருந்தது.

"காலைல கொஞ்சம் ஏறிச்சுண்ணே. இப்ப வடிஞ்சிருக்கும். வாங்க" என்றேன்.

"டீ போட்டு வை. நனைஞ்சிட்டு வரேன்" என்றார்.

டீ போட்டு வைத்தேன். இருபது நிமிடத்தில் வெள்ளம் துறையை அடித்தது. மேலே பனி உருகித் தேங்கிய குளம் உடைந்தது பிறகுதான் தெரிந்தது. அவருடைய குதிரை மட்டும், சேணம் வயிற்றுக்குக் கீழே தொங்க, சங்க வாசலுக்கு வந்து நின்றது. தோலோமுஷ் அண்ணனை மறுநாள் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். தரையில் வைக்க அவர் ஒருபோதும் விடாத கல்பாக் தொப்பி மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு கிளையில் மாட்டியபடி கிடைத்தது.

அதன் பிறகு, அதிகாரிகள் வருவதற்கு முன், தாளை உரித்து என் தொப்பியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அதிகாரி கேட்டார். என் கை செய்தது என்று சொன்னேன். அவர்கள் திரையைப் படம் எடுத்து, 05.40க்கு ஏறிய தண்ணீரைக் கண்டும் சொல்லவில்லை என்று கச்கின்பாய் அண்ணனைக் காவலில் வைத்து இன்றோடு ஒன்பது நாள். காவல் வண்டியில் ஏறும்போது அவர், "நான் கண்ணே அசரலடா, சாத்தி. அந்தப் பெட்டியப் பாத்து நீயாவது சொல்லேன்" என்றார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டி இன்னும் ஓடுகிறது. தினமும் பகல் 11.45க்குத் திரையில் 05.45 வருகிறது. அந்தக் கணக்குப்படி தோலோமுஷ் அண்ணன் இப்போதுதான் மேலே கூடாரத்தில் எழுந்து அடுப்பு மூட்டுகிறார், துறைக்கு வர ஆறு மணி நேரம் இருக்கிறது என்று தோன்றும். இரண்டு முறை அவர் எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். நான் கேட்டுக்கொண்டதால் எழுதினார்.

நேற்று சைகல் ஊருக்கு வந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, இங்க ஒரு தாளு ஒட்டியிருந்தியே, எங்க?" என்றாள். நான் தொப்பியைக் கழற்றினேன்.

மேற்படி தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். திரையில் உள்ள 05.40 என்பது பகல் 11.40. கச்கின்பாய் அண்ணன் தூங்கவில்லை. "வாங்க" என்று சொன்னது நான்.

அதிகாரி இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) சாத்திபால்டி

என் கையால் எழுதிச் சேர்ப்பது: யாரும் கேட்காததால் இது மேலே வரவில்லை. தோலோமுஷ் அண்ணனுக்கு ஒரு காதுதான் கேட்கும். அந்தக் காதில் போன் இருந்தது. அவர் பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும். "இருங்க" என்று வாய்வரை வந்தது. திரையைப் பார்த்தேன். சொல்லவில்லை.