கிழிந்துபோன பதினொரு பக்கங்கள்

புஷ்பவல்லிக்கு,

சர்ஜரிப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். எது கையில் கிடைக்கிறதோ அதைப் படி. முதலில் பக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிடு. நான் எண்ணவில்லை.

சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் புதுப் புத்தகம் வைத்திருந்தவன் வல்லிபுரம் ஒருவன்தான். அவன் அப்பா அரசாங்கத்தில் பெரிய கிளார்க். லண்டனிலிருந்து தருவித்துக் கொடுத்திருந்தார். என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளம் பழுதுபார்க்கிறவர். எனக்குக் கிடைத்தது நாலு கை மாறி வந்த பழம்புத்தகம். அதில் குடலிறக்கம் பற்றிய பதினொரு பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அக்கறையுள்ள மாணவன். பரீட்சையில் குடலிறக்கம் வராத வருஷமே கிடையாது.

வல்லிபுரத்திடம் இரவல் கேட்டேன்.

"உமக்கேன் உந்தப் பகுதி? பிள்ளைப்பேறு பாக்கிறதை வாசியும். பொம்பிளையளை அதுக்குத்தானே விடுவினம்," என்றான்.

கோபத்தில் மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தது அவனில்லை, நான்தான் என்பது நாலாம் நாள் உறைத்தது. அவ்வளவு கெட்டிக்காரி.

அந்த விடுமுறையில் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் துரைக்குத் தமிழ் வராது, நோயாளிகளுக்கு இங்கிலீஷ் வராது. துரை கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்பார், நான் சொல்லுவேன், அவர் எழுதுவார். அறுவை அறைக்குள் மட்டும் என்னை விடமாட்டார். நான் மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லையாம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, கத்தியைத் தட்டில் வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காதால் சர்ஜரி கற்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பக்கிரிசாமி அங்கேதான் வந்தார். பால்மரம் வெட்டுகிறவர், முப்பது வயது இருக்கும். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். பார்த்ததும் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னுடைய பதினொரு பக்கமும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து படுத்திருந்தன.

"தாயி, எப்பவும் படுத்தா உள்ள போயிரும். நேத்துக் காலைலேருந்து போகவே மாட்டேங்குது. பச்சத் தண்ணி குடிச்சாலும் வாந்தி. தொரகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க," என்றார்.

துரையிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, விளக்கெண்ணெய் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் பக்கிரிசாமி இறந்துபோனார். இடையில் அவர் பக்கத்தில் இருந்தது நான்தான். நெற்றியைத் துடைத்துவிட்டேன், வாந்திச் சட்டியை நானே கழுவினேன். இதை யாரும் மறுக்க முடியாது.

சவக்கிடங்குக்குள் பெண்கள் வரக்கூடாது என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பிணத்தை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், துரை சரி என்றார். காவலுக்கு இருந்த கன்னையாதான் வாசலில் மறித்தார்.

"ஆம்பளப் பொணம்மா அது. கண்ண மூடிக்கிட்டா அறுப்பீங்க?"

"நீங்க மூடிக்குங்க அண்ணே. எனக்கு வேல இருக்கு."

சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். அறுத்து, நாலு மணி நேரம் என் நோட்டில் வரைந்தேன். கறுத்துப்போன குடல், அதை இறுக்கிய வளையம், மேலே ஒவ்வொரு படலமாக. போன தடவை இங்கே வந்தபோது பார்த்துவிட்டு, 'உயிரோட இருக்கற மாதிரி இருக்கேக்கா' என்று நீ எழுதியிருந்தாயே, அந்தப் படம்தான். பரீட்சையில் வல்லிபுரத்தைவிட எனக்கு ஒன்பது மார்க் கூட. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா என் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுத் தலைகீழாக மாட்டியிருக்கிறார். நான் திருத்தவில்லை.

பக்கிரிசாமி இறந்த அன்று மாலை அவர் மனைவி இராஜம்மா வந்தார். புருஷன் வீட்டுக்குத் திரும்பும்போது போட்டுக்கொள்ள வெளுத்த சட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார். வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம சனத்துப் பொண்ணு ஒண்ணு கூட இருந்து, எல்லாத்தையும் தொரைக்கு எடுத்துச் சொன்னீங்களாமே. அது போதும் தாயி. ஒரு சொட்டுக் கள்ளுகூடத் தொடாத மனுசன், இப்படிப் போயிட்டாரு."

எல்லாவற்றையும் சொல்லவில்லை. நான் துரையிடம் சொன்னது இவ்வளவுதான்: வீக்கம் வருகிறது, போகிறது, வாந்தி, கள் குடித்ததால். நம் ஆட்கள் சொல்கிற எதற்கும் இரண்டாவது சாட்சி கேட்கிற துரை, கள் என்றால் மட்டும் கேட்கமாட்டார். அது எனக்குத் தெரியும். வீக்கம் நேற்றிலிருந்து உள்ளே போகவே இல்லை என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அரைமணியில் அறுவை அறைக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். பக்கிரிசாமி பிழைத்திருப்பார். கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் வெளியே நின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு பேருக்குக் குடலிறக்கம் அறுத்திருக்கிறேன். ஒருவரும் சாகவில்லை. பதின்மூன்றில் ஒன்று என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் மோசமில்லை.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரவல் கேட்டால் கொடு, ஆனால் உன் கண்முன்னால் பார்த்து எழுதச் சொல். அந்தப் படத்தை யாரும் கிழித்துக்கொண்டு போய்விடக்கூடாது. பக்கத்தைக் கிழிக்கிறவர்களால்தான் பக்கிரிசாமி மாதிரி ஆட்கள் சாகிறார்கள்.