எங்கே போகிறாய் என்று கேட்டவர்கள்

குண்டு வருகிறது. முதலில் ஊளை. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கடல் எழும்பி எங்கள் மேல் விழுகிறது.

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

கத்துவது பிலிப்பு அண்ணை. எங்கள் தண்டையல். சுக்கான் அவர் கையில். தொண்ணூறாம் ஆண்டு. ஆடி மாதம். விடிந்தும் விடியாத வெளிச்சம். மன்னார்க் கரை பின்னால் கரிக்கோடு மாதிரித் தெரிகிறது. முன்னால் மணல் திட்டுகள். அவற்றைத் தாண்டினால் இந்தியா. சரக்கு ஏற்றுகிற படகு என் வத்தை. இன்று அதில் சரக்கு இல்லை. வெங்காயச் சாக்கு அடுக்கும் இடத்தில் சனம் அடுக்கியிருக்கிறது.

"இஞ்சினை நிப்பாட்டு!"

"நிப்பாட்டாதை! ஓடு! திட்டுக்கு ஓடு!"

இரண்டாவது குண்டுக்கு ஊளை இல்லை. நேரே அடி. பலகை பிளக்கிற சத்தம். பிலிப்பு அண்ணை நின்ற இடத்தில் சுக்கான் மட்டும் தானாகச் சுற்றுகிறது. என் மகள் ஜெனிற்றா. ஏழு வயது. அவளுடைய கை என் கையில் இருக்கிறது. பிறகு என் கையில் தண்ணீர் இருக்கிறது.

வத்தை சரிந்து திட்டில் ஏறியது. மிஞ்சியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். என் மனைவி றெஜினா நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இராமேஸ்வரத்து மீனவர்கள் எங்களை ஏற்றிக்கொண்டார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேல் குண்டு போட்ட கடற்படைப் பீரங்கிப் படகு எங்களைத் துரத்தி வரவில்லை. காத்து நின்றது. இஞ்சினை நிறுத்திவிட்டு, நாங்கள் வரப்போகிற வழியில், விருந்தாளிக்காக வாசலில் நிற்கிற வீட்டுக்காரன் மாதிரி நின்றது. துரத்தி வந்திருந்தால் எங்கள் காலம் சரியில்லை என்று விட்டுவிடுவேன். காத்து நின்றது. அப்படியென்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மரியதாஸ். றெஜினாவின் அண்ணன். என் மச்சான்.

ஒவ்வொரு நவம்பரிலும், செத்தவர்களின் திருநாள் அன்று, றெஜினா கனடாவில் எங்கள் லாசால் வீட்டு யன்னல் கரையில் மெழுகுதிரி ஏற்றுகிறாள். ஊரில் என்றால் கல்லறையில் ஏற்றுவோம். இங்கே எங்களுக்குக் கல்லறை இல்லை. எங்கள் ஆட்களுக்கு எங்கேயும் இல்லை. ஜெனிற்றாவுக்கு ஒன்று. பிலிப்பு அண்ணைக்கு ஒன்று. பெயர் தெரியாத சனத்துக்குப் பெரிதாக ஒன்று. பிறகு ஓரத்தில், நான் பார்க்காத மாதிரி, தன் அண்ணனுக்கு ஒன்று. அவள் குசினிக்குப் போனதும் அந்த ஒன்றை நான் ஊதி நூர்த்து விடுவேன். அவள் வந்து பார்ப்பாள். அடுத்த வருடம் திரும்ப ஏற்றுவாள்.

மச்சான் செய்தது இதுதான். நாங்கள் புறப்பட்ட அன்று கரைக்கு ஓடி வந்தார். சாரத்தை மடித்துக்கட்டியபடி நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கினார். இறங்கிக் கத்தினார்.

"மச்சான்! எங்க போறியள்? ராமேஸ்வரமோ, யாழ்ப்பாணப் பக்கமோ? சொல்லிப்போட்டுப் போங்கோ!"

எங்கள் கரையில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்பதில்லை. கடலுக்கு இறங்குகிறவனை மறித்து எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்காது. நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சும்மா நாளிலேயே கேட்கமாட்டோம். போர் வந்தபிறகு, அறிந்து படைக்குச் சொல்ல வேண்டியவன்தான் கேட்டான். அவனுக்குக் காசோ உயிரோ கிடைத்தது.

நான் பதில் சொல்லவில்லை. பிலிப்பு அண்ணை வெள்ளை மனசு. "திட்டுப் பக்கம்!" என்று கரைக்கே கேட்கக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் திட்டுப் பக்கம் படகு காத்து நின்றது. இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் சம்மாட்டி. அதாவது படகுக்குச் சொந்தக்காரன், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக்கொடுத்துத் தொடங்கினேன். பிறகு ஒரு பழைய வள்ளம். பிறகு வத்தை. சீமெந்து, வெங்காயம், புகையிலை ஏற்றினேன். போர் தொடங்கியபோது என்னிடம் மூன்று வத்தை. முதலாவதைச் சண்டையில் ஒரு பக்கத்துத் துவக்குக்காரர் கரையில் வைத்து எரித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மற்றவங்களுக்கு ஓடுறாய்" என்றார்கள். இரண்டாவதை மற்றப் பக்கத்தார் வந்து கொண்டுபோனார்கள். "ரெண்டு நாளிலை தருவம், ஐயா." மரியாதையாகத்தான் சொன்னார்கள். வத்தை வரவில்லை. மூன்றாவது திட்டில் கிடக்கிறது.

மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு கையும் ஒரு மனைவியும்தான். புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி தூக்கினேன். முதலாளி யூதர். நெசிம். எகிப்து நாட்டுக்காரர், அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவர். இங்கே வந்து குடியேறியவர்களின் பெட்டிகளைச் சேர்த்துக் கப்பலில் அவரவர் ஊருக்கு அனுப்புவது தொழில். எல்லோரும் அவரை மரியாதையாக மொசியே நெசிம் என்பார்கள்.

முதல் நாள் மத்தியானம் மூலைக்கடைக்குக் கோப்பி வாங்கக் கிளம்பினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கே போகிறாய்?"

பிரெஞ்சில்தான் கேட்டார். என் காதில் அது மச்சானின் குரலில், தமிழில் விழுந்தது.

மற்ற நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். என்னை மட்டுமில்லை, எல்லோரையும். என்னோடு வேலை செய்த குணம், யாழ்ப்பாணத்துப் பொடியன், வாய் சும்மா இராது. "அண்ணை, கிழவன் ஒண்டுக்குப் போனாலும் வழி கேக்குது. உது சீஐடி. எழுதி வைச்சிருங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. யாருக்குச் சொல்கிறார்? குடிவரவுக்கா? தூதரகத்துக்கா? என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை.

ஆகவே பொய் சொன்னேன். துறைமுகத்துக்குப் போனால், நகரத்துக்கு வடக்கே இருக்கிற லவால் என்றேன். லவாலுக்குப் போனால் துறைமுகம் என்றேன். லொறி ஓட்டத் தொடங்கியபிறகும் அதே பழக்கம். என் வத்தை எந்தப் பக்கம் போகிறது என்று கரைக்குத் தெரியக்கூடாது. கரை மாறினால் என்ன?

வருடங்கள் போயின. வழக்கில் வென்றேன். வேலை உயர்ந்தது. தமிழ்ச் சனத்தின் பெட்டிகளை நானே பிடித்துவரத் தொடங்கினேன். அப்போது மொசியே நெசிம் என்னைப் பங்காளியாகச் சேர்க்கிறேன் என்றார். இவருக்கு என்னிடம் என்ன வேண்டும்? பத்திரத்தை மூன்று பேரிடம் தனித்தனியே வாசிக்கக் கொடுத்தேன். மூன்று பேரும் நல்லது என்றார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்றாலும் கையெழுத்து வைத்தேன். பொய்யை நிறுத்தவில்லை.

ஒரு தை மாதம். பனிப்புயல். லாசாலில் ஒரு வீட்டில் பெட்டி ஏற்ற வேண்டும். கதவைத் திறக்கிறேன்.

"எங்கே போகிறாய்? இந்தக் காற்றில்?"

"லவால்."

லாசாலில் ஒரு வளைவில் லொறி சறுக்கியது. ஒரு நீண்ட கிரீச். பிறகு பஞ்சில் விழுந்த மாதிரி ஒரு அமுக்கிய சத்தம். பள்ளத்துக்குள் கிடந்தேன். கை முறிந்திருந்தது. யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். ஆசுப்பத்திரியில் மயக்கம். மற்ற நாள் மாவுக்கட்டோடு கிட்டங்கிக்குப் போனேன்.

குணம் ஓடி வந்தான். முகத்தில் பகிடி இல்லை. "எங்கையண்ணை போனனீங்கள்? கிழவன் லவால் முழுக்கத் தேடினது. ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியா. பனி வாருற வண்டிக்காரரையும் மறிச்சுக் கேட்டதாம். இப்பதான் வந்து இருக்குது."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மொசியே நெசிம். கோட்டைக் கழற்றவில்லை. சப்பாத்தில், பனி உருகப் போடுகிற றோட்டு உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பிக் கத்தினார்.

"லவால் என்றாய்! லவால்!"

பிறகு கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அவருடைய அப்பா அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர். ஒரு தோணி வாங்கினார். பெரிய கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு இறக்குகிற தோணி. பிறகு கப்பல் இழுக்கிற படகுகள். பிறகு இரண்டு சிறிய கப்பல். கிரீஸ் நாட்டுக்குப் பருத்தியும் வெங்காயமும். வெங்காயம் என்றதும் நான் நிமிர்ந்தேன். நானும் வெங்காயக்காரன்தான்.

சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்தது. யூதர் என்றால் எதிரி என்றார்கள். ஒருநாள் காலை இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். நல்ல உடுப்பு. நல்ல பேச்சு. அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். இளம் நெசிம் கதவடியில் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பெரியவர்களின் அலுவலில் மகன் குறுக்கே கேட்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை. அலுவலகத்தில் வேறு ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவைத் தேடிப் போவதற்கு ஒரு இடத்தின் பெயர்கூட அவர்களிடம் இருக்கவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை.

கப்பல்களை அரசாங்கம் எடுத்தது. குடும்பத்திடம் திரும்பி வரமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டு அனுப்பியது. ஆளுக்கு ஒரு பெட்டி. அவர்கள் ஏறிய கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே இழுத்துப் போனது யாருடைய படகு தெரியுமா? அப்பாவினுடையது. பெயரை மாற்றியிருந்தார்கள். பெயின்ட் காயவில்லை. புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயர் தெரிந்தது. அது நெசிமின் அம்மாவின் பெயர். அம்மா மேல்தட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

மொன்றியலில் நெசிம் முதலில் துறைமுகத்தில் தானியத் தூசி கூட்டினார். பிறகு ஒரு பழைய லொறி. பிறகு இந்தக் கிட்டங்கி. "நான் தொழிலைத் திரும்பக் கட்டினேன்," என்றார். "ஆனால் இந்தக் கதவைத் தாண்டுகிற ஒருவரையும் கேட்காமல் விடமாட்டேன். நீ என்ன, சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொல்கிறாய்?"

உண்மையைச் சொன்னால், அப்போதும் யோசித்தேன். நல்ல கதை. கண்ணீர் வரவைக்கிற கதை. என் வாயைத் திறக்க வைப்பதற்காகவும் இருக்கலாம்.

வீட்டில் றெஜினாவுக்குச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்ப என்ரை அண்ணை கேட்டது?"

"அது வேறை."

"என்ன வேறை? அண்டைக்குக் கரையிலை எங்களுக்கெண்டு நிண்டது அவர் ஒராள்தான். நாங்கள் போய்ச் சேரேல்லையெண்டால் ஆர் தேடுறது? எங்க எண்டு தேடுறது? அதுக்குத்தான் கேட்டவர்."

"தேடினவரோ?"

"தேடாமல் விட்டவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

மச்சானைப் பற்றி இரண்டு கதை வந்தது. நாங்கள் போன அன்றே, எங்களைத் தேடப் படகு கேட்டுக் கரையில் திரிந்தார், அங்கேயே அவரை ஜீப்பில் ஏற்றினார்கள் என்றார் ஒருவர். கொழும்பில் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறார், கண்டேன் என்றார் இன்னொருவர். முதல் கதையைச் சொன்னவர் எங்கள் கோயில் ஆள். இரண்டாவதைச் சொன்னவர் என்னிடம் வேலை கேட்டு வந்தவர். நான் இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன். றெஜினா முதலாவதை வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு மரியதாஸ் இருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு கடிதம் வரவில்லை.

இந்த வருடம் மொசியே நெசிமுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கிட்டங்கியை நான் பார்க்கிறேன். நவம்பர் முதல் கிழமை அவரைப் பார்க்கப் போனேன். யன்னலடியில் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி. யூதர்கள் செத்தவர்களின் நினைவு நாளில் ஏற்றுவது.

"அப்பாவுக்கோ?" என்றேன்.

"ஓம்," என்றார். என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட தமிழ்.

"அவர் எந்த நாள் செத்தார் என்று உங்களுக்குத் தெரியாதே. செத்தாரா என்றே தெரியாதே."

"தெரியாது. அவர் கதவைத் தாண்டிய நாளில் ஏற்றுகிறேன். அந்த நாள் எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் இருந்தேன். எழும்பினேன். என் கை கதவில் படுவதற்குள் கேட்டார்.

"எங்கே போகிறாய்?"

"வீட்டுக்கு. லாசாலுக்கு. வழியில் மெழுகுதிரி வாங்க வேண்டும்."

அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

இப்போது யன்னல் கரையில் இருக்கிறேன். றெஜினா ஏற்றிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிகிறது. ஓரத்து மெழுகுதிரியைப் பார்க்கிறேன். மச்சான் தண்ணீருக்குள் நெஞ்சளவுக்கு நிற்கிறார். காட்டிக்கொடுக்கிறவன் நனையாமல் கரையில் நின்றே கேட்டிருக்கலாம். அல்லது, பதில் நல்லாய்க் கேட்க வேண்டும் என்றுதான் இறங்கினாரோ? எனக்குத் தெரியாது. கதிரையை இழுத்து அதற்கு முன்னால் போடுகிறேன். நூர்க்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

நான் இழந்தது: வத்தை மூன்று. ஒன்று நெருப்பில், ஒன்று வாக்கில், ஒன்று மணலில். நெசிம் குடும்பம் இழந்தது: கப்பல் இரண்டு, தோணி ஒன்று, இழுவைப் படகுகள், அம்மாவின் பெயர் எழுதிய படகு.

ஆட்கள்: ஜெனிற்றா. பிலிப்பு அண்ணை. தொப்பியோடு நடந்துபோன ஒரு தகப்பன். பெயர் கேட்டு எழுதாமல் ஏற்றிய சனம், எத்தனை பேர் என்று இனி ஒருவரும் சொல்லமுடியாது.

மரியதாஸ், என் மச்சான். கதவைத் தாண்டியவர்களில் ஒருவர். இழந்தவர்களின் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. திரி இன்னும் எரிகிறது.