சாக்பீஸைக் கீழே வைத்தவருக்கு

அரசியல் அறிவியல் துறையின் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்!

அணைத்த விளக்கை மறுபடியும் அணைக்க வரும் அக்கறையே! பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் பொறுப்பே! வினாத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்த மனமே! பொதுவுடைமையின் கோட்பாட்டைப் பொங்கும் குரலிலும், அதன் நடைமுறையைப் பதறும் குரலிலும் பாடமாக்கிய பேராசிரியரே! வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடல் என்றால் முன்னால் உட்காரவைத்து முகத்துக்கு நேரே புகழ வேண்டும். நேரே புகழ்ந்தால் நீங்கள் கைப்பைக்குள் எதையாவது தேடத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொல்கிறோம். அவர் மனதுக்குள் நடந்ததில் பாதியை அவரே பின்னால் சொன்னார். மீதியை அவர் முகத்தில் படித்துக்கொண்டோம். அந்த முகத்தில் எதுவும் மறையாது.

ஒரு கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருந்தார். 'பொதுவுடைமை: கோட்பாடும் நடைமுறையும்' என்பது அவர் எடுத்த பாடம். மாணவர்கள் அவருக்குத் 'தோழர் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. எந்த ஊர்வலத்துக்கும் போனதில்லை. கூட்டம் என்றாலே வெளியே போகும் வழி எது என்றுதான் முதலில் பார்ப்பார்.

பருவத்தின் முதல் பாதி கோட்பாடு. முடிந்தவர் முடிந்ததைத் தருவார், வேண்டியவர் வேண்டியதைப் பெறுவார், ஆள்வதற்கு ஆளே தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று அவர் சொல்லும்போது கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். இரண்டாவது பாதி நடைமுறை. அப்போது குரல் இறங்கிவிடும். எல்லோருக்கும் என்று வாங்கிய நிலம், எல்லோருக்கும் என்று அள்ளிய தானியம், ஏன் என்று கேட்டவர்கள் காணாமல் போனது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்தது. சொல்லிக்கொண்டே வகுப்பறைக் கதவைப் பார்ப்பார். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள், "இதையெல்லாம் செஞ்சவங்க கெட்டவங்களா மேடம்?" அவர் சொன்னார்: "ஆரம்பிச்சவங்கள்ல பல பேரு ரொம்ப நல்லவங்கம்மா. அதுதான் எனக்குப் பயமே."

அந்தப் பயத்தோடுதான் அவர் துறையின் கால அட்டவணையைப் போட்டார்.

கால அட்டவணை எப்படிப்பட்ட போர்க்களம் என்று கல்லூரியில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையின் முதல் மணி வகுப்பு யாருக்கும் வேண்டாம். மற்ற துறைகளில் மூத்தவர்கள் நல்ல நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இளையவர்கள் தலையில் விழும். அவர் அதை மாற்றினார். ஆசிரியர் அறைக் கரும்பலகை முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, "உங்களால என்ன முடியும், உங்களுக்கு என்ன வேணும், ரெண்டையும் சொல்லுங்க" என்றார்.

முதல் வருடம், 'என்னால் முடியும்' என்பது எல்லோருக்கும் குறைந்தது, 'எனக்கு வேண்டும்' என்பது எல்லோருக்கும் பெருகியது. ஒருவருக்கு முதுகுவலி என்றால் அடுத்தவருக்கு அதைவிடப் பெரிய முதுகுவலி. மாலைக்குள் துறைக்கே நிமிர முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். தன் தேவையைத் தானே சொன்னால் அது வீங்குகிறது. ஒரு அதிகாரி அளந்து கொடுத்தால் அந்த அதிகாரி ராஜாவாகிவிடுகிறார். மூன்றாவதாக ஒரு வழி உண்டா?

அடுத்த பருவத்தில் புது வழக்கம் வந்தது. தன்னால் முடிந்ததை அவரவர் சொல்ல வேண்டும். தேவையை மட்டும் அவரவர் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். எங்களில் அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறவரை எல்லோரும் 'சட்டம்' என்றே கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காது. அவர் கேட்டார்: "மேடம், இது உதவியா, உளவா?"

நாங்கள் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. மறுநாள் வந்ததும் வராததுமாக இன்னொரு விதியைச் சேர்த்தார்: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் 'வேண்டாம்' என்றால் பேச்சு அங்கேயே நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அதன் பிறகுதான் அவரால் நிம்மதியாக டீ குடிக்க முடிந்தது, அதுவும் பாதி டம்ளர்.

வழக்கம் வேலை செய்தது. பேச வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினோம். வருடங்கள் ஓடின. எல்லாம் எழுதி முடித்ததும் பலகையில் அனாதையாக நிற்கும் முதல் மணி வகுப்புகளுக்கு மேடம் தன் பெயரை எழுதிவிடுவார். சாக்பீஸ் அவர் கையில்தான் இருந்தது. அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டவர் அவர்தான். நல்ல ஏற்பாடுகள் எல்லாம் கடைசியில் ஒரே ஆள் கையில் போய் முடியும் என்று வருடா வருடம் நடத்தியவர், இந்தக் கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில் தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளை.

"இந்தத் தடவை நான் எழுத மாட்டேன்" என்றார். "இப்பக்கூட விடலைன்னா நான் நடத்தின பாடத்துக்கு அர்த்தமே இல்ல." சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் நாளிதழை விரித்துக்கொண்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சட்டத்தின் குரல் கேட்டது: "அரசு தானா உதிரும்னு பாடம் நடத்துனாங்க. பாருங்க, உதிர்ந்துட்டாங்க."

சாக்பீஸ் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. ஒருவருக்காக ஒருவர் பேசினோம். ஒரே ஒருவருக்காக மட்டும் யாரும் பேசவில்லை. எங்களில் வயதில் சிறியவர், சின்ன சார். அதற்கு முந்தைய வருடம் அவர் மனைவி இறந்துவிட்டார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அவருக்குக் காலையில் வேலை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பேச்சை அவர் முன்னால் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தயங்கினோம். எப்போதும் அவருக்காக மேடம்தான் பேசுவார். பேசப் பக்கத்தில் ஆளில்லாத பெயருக்கு மிச்சமெல்லாம் போய்ச் சேர்ந்தது: முதல் மணி, ஏறக்குறைய எல்லா நாளும். அவர் பலகையைப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். அந்த வருடம் முழுவதும் அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்.

மேடம் பலகையைப் பார்த்த கணத்திலேயே கண்டுகொண்டார். கை தானாக எழுந்தது. இறக்கிக்கொண்டார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருத்தினால், ஆட்சியை விட்டுக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு விட முடியாமல் போன எல்லோரையும் போலத்தான் தானும். திருத்தாவிட்டால் ஒரு குழந்தை. கொள்கை பெரிதா குழந்தை பெரிதா என்று கேட்டால் யாரும் குழந்தை என்றுதான் சொல்வார்கள். ஆனால் கொள்கையை மீறிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குழந்தையைக் காட்டித்தான் மீறியிருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வகுப்பில் வாக்கியங்கள் பாதியில் நின்றன. குடையை மூன்று இடத்தில் மறந்தார்.

ஒரு காலை, பஸ்ஸை விட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி சின்ன சாரின் குழந்தை படிக்கும் பள்ளித் தெரு வழியாக நடந்தார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி இன்னும் வரவில்லை. முதல் மணிக்கு ஓடும் அப்பா முன்கூட்டியே விட்டுப்போன குழந்தை, புத்தகப் பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே அவளை ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. காலணி வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

கதவு திறக்கும்வரை மேடம் அங்கேயே நின்றார். பிறகு யாரும் இல்லாத ஆசிரியர் அறைக்கு வந்து சாக்பீஸை எடுத்தார். சின்ன சாரின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினார்.

நாங்கள் வந்ததும் எழுத்தைப் பார்த்தோம். அந்த நெட்டை எழுத்து உலகத்துக்கே தெரியும்.

"யார் எழுதினது?" என்றார் சட்டம்.

"நான்தான் சார்."

"எழுத மாட்டேன்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன்."

எங்களில் அரசியல் பொருளாதாரம் நடத்தும் அக்கா குறுக்கே வந்தார். "விடுங்க சார். நல்லதுக்குத்தானே செஞ்சிருப்பாங்க."

"நல்லதுக்குத்தான் எல்லாரும் செஞ்சாங்கன்னு இவங்கதானே அக்கா பாடம் நடத்துனாங்க? இப்ப இவங்களை விசாரிக்காம விட்டா, நாளைக்கு நம்மளை யாரு விசாரிப்பா?"

விசாரணைகளைப் பற்றி வருடக்கணக்கில் பாடம் எடுத்தவர், விசாரிக்கப்படுகிறவராக நின்றார். கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். "சட்டம் சொல்றது சரிதான். நான் செஞ்சது தப்பு. ஆனா அதை அழிச்சுடாதீங்க."

"ரெண்டும் எப்படி மேடம் சரியா இருக்கும்?"

"தெரியலையே சார். தெரிஞ்சா இவ்வளவு பயப்படுவேனா?"

"மேடம், பரவாயில்லை…" என்று தொடங்கினார் சின்ன சார்.

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றார் அக்கா. "உங்க பரவாயில்லையை நம்பித்தான் இவ்வளவு ஆச்சு."

அப்போது மேடம் பூட்டிய கதவைப் பற்றியும் அந்தப் பையைப் பற்றியும் சொன்னார். 

"நான் சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. "பேச்செடுத்தா உங்களுக்கு வலிக்குமேன்னு இருந்துட்டேன்."

சட்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான்."

"வலிக்கும்" என்றார் சின்ன சார். "கேளுங்க."

சட்டம் டஸ்டரை எடுத்தார். மேடத்தின் எழுத்து முழுவதையும் அழித்தார்.  "இது எங்க பலகை. நாங்களே எழுதுறோம்" என்றார் அவர். சின்ன சாருக்கு மதிய வகுப்புகளை எழுதினார். முதல் மணிக் கட்டங்கள் வெறுமையாக நின்றன. வழக்கம் போல அங்கே யார் பெயர் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் திரும்பினார். "மேடத்துக்காக யாரு பேசுறது?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்குப் பேச ஒன்றும் தெரியவில்லை. விளக்கை இரண்டு முறை அணைப்பார் என்று தெரியும். வீட்டில் என்ன என்று தெரியாது.

சின்ன சார்தான் பேசினார். அன்று அவர் பேசியதே அந்த வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு. "மேடத்தோட வீட்டுக்காரர் சாருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. காலையில எழுப்பி, மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டுல சொல்லிட்டுதான் மேடம் ஓடி வர்றாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல பார்த்திருக்கேன். என் மனைவியோட நானும் அங்கதான் இருந்தேன். யாரும் சொல்லலை, அதான் சொல்றேன்."

மேடத்தின் உதடு அசைந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும், பேச்சு நின்றுவிடும். அது அவரே போட்ட விதி. நாங்கள் காத்திருந்தோம். 

அவர் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

முதல் மணி வகுப்புகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். ஆளுக்கொரு கையெழுத்தில், பலகை பார்க்கவே சகிக்கவில்லை. புதன்கிழமை இரண்டு வகுப்புகளை ஒரே அறைக்குப் போட்டுவிட்டோம். அது மேடத்தின் கண்ணில் பட்டது. அவர் கண்ணில் படாதது எது? கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. புதன்கிழமை காலை வந்தது, இரண்டு வகுப்புகளும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. சட்டமும் அக்காவும் தாழ்வாரத்தில் நின்று கத்திப் பேசி, ஒருவர் நூலகத்துக்குப் போவது என்று தீர்த்துக்கொண்டார்கள். கத்தல் முடியும்வரை மேடம் பக்கத்து அறையில் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஆனால் வெளியே வரவில்லை.

அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம்.

உங்கள் பணிக்காலத்தின் பெருமைகளைக் கல்லூரி முதல்வர் தம் உரையில் சொல்லிவிட்டார். நாங்கள் சொல்ல வந்தது அந்த ஒரு காலையை. வெளியே வராமல் நின்றீர்களே, அந்தக் காலையை. நீங்கள் நடத்திய பாடத்தில் நாங்கள் கண்ணால் பார்த்த ஒரே நடைமுறை அதுதான்.

அது நிலைக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. சாக்பீஸ் மெல்ல மெல்ல ஒருவர் கையில் தங்கும், பிறகு அந்த ஒருவருக்கு ஒரு அலமாரி வரும், பிறகு அலமாரிக்கு ஒரு பூட்டு வரும் என்று நீங்கள்தான் எச்சரித்தீர்கள். அடுத்த பருவத்துக்குப் பலகை வெறுமையாக இருக்கிறது. சட்டம் இப்போதே சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கிவிட்டார். அதை அக்கா கவனித்துவிட்டார். அக்கா கவனிப்பதைச் சின்ன சார் கவனித்துக்கொண்டிருக்கிறார். யாரும் யாரையும் முழுதாக நம்பவில்லை. ஆனால் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீங்களும் சாரும் நல்ல உடலோடும் நல்ல உறக்கத்தோடும் நெடுநாள் வாழ வேண்டும். அவசரம் இல்லாத காலைகள் உங்களுக்கு வாய்க்க வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க வேண்டும். யாராவது உங்களுக்கு ஏதாவது செய்ய வரும்போதெல்லாம், அன்று போலவே அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்கும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எப்போது வேண்டுமானாலும் எங்களைப் பார்க்க வாருங்கள். பலகையைப் பார்க்க மட்டும் வராதீர்கள். வந்தால் அன்போடும் மரியாதையோடும் வெளியே அனுப்பிவைப்போம். உங்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். எங்களுக்கும்தான். நீங்கள் வீட்டில் இருந்து பயப்படுங்கள். நாங்கள் இங்கிருந்து பயப்பட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பதவி வரிசையில் அல்லாமல், பேனா கைக்கு வந்த வரிசையில் கையெழுத்திடும்
அரசியல் அறிவியல் துறையினர்