படகு நிக்கிற மாசம்

இல்லம்மா, டிக்கெட்டு ஜனவரிக்குப் போட வேணாம். நீ சொல்றது சரிதான். வெயிலு ஏறாது, மழையும் இருக்காது, கடலு கொளத்துத் தண்ணி மாதிரி கெடக்கும். எம் பொண்ணு வனிதாவும் அதத்தான் சொல்றா. நாலு வருசமா ஜனவரில வாம்மா, ஜனவரில வாம்மான்னு சொல்லிகினே இருக்கா. அவ அங்கதான் இருக்கா, அந்தமான்ல, நீல் தீவுல. போர்ட் பிளேர்ல எறங்கிட்டு அங்கேருந்து படகுல போவணுமாமே? ஆமா, அதேதான். அங்க ஆஸ்பத்திரில நர்சு. புள்ளைக்கு மூணு வயசு ஆவுது. இது வரைக்கும் போன்லதான் முத்தம் குடுத்துகினு இருக்கிறேன்.

ஏன் போவலன்னா, பாவும்மா. நீ ஆரணியா? போளூரா, அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்காது. பட்டுத் தறியில நீட்டுவாட்டுல கட்டியிருக்கிற இழைங்கதான் பாவு. தறியில ஒரு பாவு நெஞ்சு முடிஞ்சா அடுத்தத அப்டியே மாட்டிட முடியாது. பழைய பாவோட நுனியில புதுசோட இழைய ஒவ்வொண்ணா சேத்து, சாம்பல் தொட்டு முறுக்கணும். ஆயிரக்கணக்குல இழை இருக்கும். எங்க வூட்ல அது என் வேல. வூட்டுக்காரரு பவுல்துரைக்கு ஒரு தறி, பெரியவன் ராபர்ட்டுக்கு ஒண்ணு, சின்னவன் இருதயராஜுக்கு ஒண்ணு. மூணும் ஒண்ணா முடிஞ்சா அம்மாவுக்கு இடுப்பு போயிடும்னு முன்னப் பின்ன முடியற மாதிரி ஏத்தி வச்சிருக்காங்க. பாசத்துல செஞ்சதுதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா அதால எப்பப் பாரு ஒரு தறியில பாவு முடிஞ்சுகினே இருக்குது. இந்தப் பாவு முடியட்டும், போயிட்டு வாம்பாரு அவரு. அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு பல்லக் காட்டும்.

பிப்ரவரி, மார்ச்சா? ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாளு தபசு காலம் வந்துடும்மா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவன்னு, சிலுவைப் பாதைக்கு எங்க தெருவுல என்னத்தான் முன்னாடி நின்னு படிக்கச் சொல்லுவாங்க. அத நானே வுட மாட்டேன். மே மாசம் மருமவளுங்க ரெண்டு பேரும் அம்மா வூட்டுக்குப் போயிடுவாங்க. அப்ப அடுப்பும் எனக்கு, பாவும் எனக்கு. தீபாவளி கிட்ட வந்துட்டாலோ புடவ ஆர்டருல வூட்ல மூச்சு வுட நேரமிருக்காது. டிசம்பர்ல கிறிஸ்மஸ். வருசம் அவ்ளோதான் இருக்குது, இன்னா பண்றது.

ஆளு வச்சிக்கலாம். ஊர்ல அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, நல்லாத்தான் செய்வாங்க. ஒரு வாட்டி கூட்டியாந்தாங்க. வேற கை பட்டா இழை நிக்க மாட்டேங்குது, அறுந்துகினே போவுதுன்னான் பெரியவன். தானா அறுந்துச்சோ, நான் ஊருக்குப் போறேன்னதால அறுந்துச்சோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

போனதே இல்லன்னு சொல்ல முடியாது. போன வருசம் மாதா கோயில்லேருந்து வேளாங்கண்ணிக்கு பஸ்ஸு வுட்டாங்க. அவருகிட்ட கெஞ்சி கூத்தாடி ஏறிட்டேன். விழுப்புரத்துல டீ குடிக்க நிறுத்துனாங்க. கீழ எறங்கறேன், எதிர்ல ராபர்ட்டு நிக்கறான். இருதயராஜு தறியில பாவு முடிஞ்சிடுச்சாம். வாடக காரு எடுத்துகினு பின்னாடியே வந்துட்டான். கோவமே இல்லம்மா அவனுக்கு. வாம்மா போலாம்னு கையிலேருந்து பைய வாங்கிகினான். சூசைமேரி குடுத்து வச்சவடி, புள்ளைங்க ஒரு நாளு கூட வுட்டுட்டு இருக்க மாட்டேங்குதுங்கன்னு பஸ்ஸுல இருந்தவளுங்க பேசிகினாளுங்க. நானும் சிரிச்சேன். வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தான், ஜன்னலோரமா உக்கார வச்சான். ஜெபமாலைய உருட்டிகினே வந்தேன், எந்த மணியில இருக்கிறேன்னு எனக்கே தெரியல.

அதுக்கு முன்னாடி எந்தங்கச்சி வூட்டுக்கு வெம்பாக்கம் போனப்பவும் அப்டித்தான். சோத்துல கை வச்சிருக்கிறேன், வாசல்ல வண்டி சத்தம் கேக்குது.

அடிச்சா மாட்டேன்னு சொல்லலாம், திட்டுனா திருப்பிப் பேசலாம். அம்மா கை பட்டாத்தான் பட்டு ஒட்டுதுன்னு சொல்ற புள்ளைகிட்ட இன்னான்னும்மா சொல்லுவ? சாம்பலத் தொட்டுகினு இழைய முறுக்க உக்காந்துடுவேன்.

போனு அடிக்குது, இரு. ராபர்ட்டுதான். அடிக்கட்டும். கோதும அரைக்க மில்லுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். தோ, பையில இருக்குது பாரு, இன்னும் அரைக்கல.

நீ ஆகஸ்ட் மாசத்தப் பத்தி சொல்லு. மழை ஊத்துமா? சரி. அலை எகிறுச்சுன்னா படகு வுட மாட்டாங்களா? அது எத்தினி நாளைக்கு நிக்கும்? அம்மாடி. போனும் சரியா கெடைக்காதா. அதான் டூரு போறவங்க யாரும் அப்ப போறதில்லியா. நல்லது.

அப்ப அதுலயே போட்டுடு. இல்லம்மா, வெளாட்டுக்குச் சொல்லல. வனிதாகிட்ட சொல்லிட்டேன், துட்டும் அவதான் அனுப்பிச்சா. பதினஞ்சாந் தேதி மாதா பண்டிகைக்கு முன்னாடி போய்ச் சேர்ற மாதிரி பாரு. வாந்தி வரும்தான், மாத்திர போட்டுக்கறேன். பயம் இல்லாம இருக்குமா, கெணத்துத் தண்ணியத் தவிர வேற தண்ணிய நான் பாத்ததில்ல. மெசேஜு வர்றதுக்கு உன் நம்பரக் குடுத்துக்கோ கண்ணு. என் போன்ல இங்கிலீசுல வர்றத பெரியவன்தான் படிச்சுச் சொல்லுவான்.

திரும்பி வர்றதுக்கா? அது இப்ப வேணாம். தீவுலயே மாட்டிகினு நிப்பீங்கன்ற, தெரியுதும்மா. படகு நின்னா நான் வர முடியாது. ராபர்ட்டும் வர முடியாதில்ல?