மெதுவாகத் துடிக்கும் நெஞ்சு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் நாடி மெதுவா அடிக்குதுன்னு தெரிஞ்சதும், பொண்ணுக்கு இதயம் வீக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல பயந்துட்டாங்கடி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"தினமும் நீந்துறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லலையா?"

"டாக்டரே சொன்னாரு, அது நல்லதுதான்னு. அவங்க நம்பல. இன்னொரு வாட்டி பாக்கலாம்னு பனமலை கோயிலுக்குக் கூப்பிட்டாங்க. படியேறி முடிச்சதும் எனக்கு இளைப்பு ஜல்தியா அடங்கிடுச்சு. மாப்பிள்ளை மட்டும் தூணைப் புடிச்சிக்கினு இளைக்கறாரு!"

"அவங்கம்மா என்னா சொன்னாங்க?"

"எம்புள்ளைக்குத்தான் வீக்கான்னு என்னையே கேட்டாங்க."

"நீ?"

"'பயப்படாதீங்க அத்தை, நீந்தக் கத்துக்குடுத்துடறேன்'னேன். அங்கேயே தட்டு மாத்திட்டாங்க."