மணப்பெண் உடையின் படம்

காப்பிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சிக்கரி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, போர்க்காலத்தில் வறுத்த பார்லியையே குடித்தவர்கள் நாம்.

எங்கள் தையற்காரி மார்செலின் திருட்டுப் பட்டத்தோடு வேலையிழந்து, இரண்டு மாதம் பாரிஸ் முழுக்க அலைந்து, எந்தத் தையற்கூடமும் சேர்க்காமல், கடைசியில் எரிவாயுவைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்கு நான் காரணமா என்று கேட்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மோர்வான் ஐயாவின் ஆடையகத்தில் நான் தையற்கூடத் தலைவி. ஒவ்வொரு பருவத்தின் ஆடைக் காட்சிக்கு முன்னும் ஐயா தான் வரைந்த உடைகளின் படங்களோடு வருவார். எந்த மேசையில் படத்தை வைக்கிறாரோ, அந்த உடை அந்தக் கைக்குச் சொந்தம். காட்சியை முடித்துவைக்கும் மணப்பெண் உடை பதினேழு வருடம் என் மேசைக்குத்தான் வந்தது. இந்த ஜனவரியில் என்னைத் தாண்டிப் போய் மார்செலின் முன்னால் வைத்தார். எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான். வயிறெரிந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வருத்தப்பட்டேன், அவ்வளவுதான்.

காட்சிக்கு முன் படம் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுநாளே கடைத்தெருவில் நகல் தொங்கும். அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கோட்டின் உள்துணியைப் பிரித்து, படத்தை வைத்து மூடித் தைத்தேன். அவள் கையைப் போலவே தைத்திருக்க வேண்டும். மட்டமாகத் தைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாயிற்காவல் பெர்த்திடம், "அவ கோட்டைக் கொஞ்சம் தடவிப் பாரு" என்றேன். பெர்த் படத்தை எடுத்தாள். ஐயா இறங்கி வந்து அந்தத் தையலைக் கட்டைவிரலால் நீவினார், என்னைப் பார்த்தார். காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த உடையை நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

மார்செலின் அழவில்லை. கோட்டை என்னிடம் நீட்டினாள்.

"மேடம், இது என் கை இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? இவ்ளோ சன்னமா எனக்குத் தைக்க வருமா? நீங்களே சொல்லுங்க."

"ஏன் வராது? நல்லாத்தானே தைக்கிறே" என்றேன்.

எட்டு வருடத்தில் நான் அவளைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதையாவது அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.