பதிலுக்கு நிற்காதவள்

மோரில் உப்பு சரியாக இருக்கிறதா ஐயா? நீங்கள் குடித்துப் பார்த்துச் சொல்லும்வரை இப்படியே நிற்கிறேன். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போதுமா? சரி, சந்தோஷம்.

குழியின் மூடியை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பென்சிலும் கையுமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரம்பலூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தும் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தாயார் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக்கூடாது. முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள். "என்ன உண்ணாமல, சௌக்கியமா?" என்று வண்டியில் போகிறபடியே கேட்பார்கள். "இருக்கேன், முழங்கால்தான்" என்று நான் ஆரம்பிக்கும்போது வண்டி புளியமரத்தைத் தாண்டியிருக்கும். மிச்சத்தைப் புழுதியிடம் சொல்ல வேண்டியதுதான். யுத்தம் வந்த பிறகு பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியடுப்பு வைத்த பஸ் ஓடுகிறதே, அதில் ஒருநாள் கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்றான். சிறுவாச்சூர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்சீட்டுக்குப் போய்விட்டான். பாடாலூரில் இறக்கிவிட்டான். எங்கள் மாரியம்மன் கோயிலில் பூசாரி, "யார் பேருக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாளின் பெயரைச் சொல்லிக் கற்பூரம் காட்டிவிட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் சேத்து நானே நல்லா இருந்துக்கறேன், வுடுங்க" என்றாள். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

படலைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் மன்னித்துவிடுவேன். ஆடு வந்தால் விரட்டிக்கொள்ளலாம். இரவல் வாங்கிய முறத்தை நனைத்துக் கொடுக்கிறவர்களையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கேள்வி என்பது ஒருவரை வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி. உள்ளேயிருக்கிறவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள் கூப்பிட்டவர் போய்விட்டால் அது என்ன மரியாதை?

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. பேச்சுக் குறைவுதான். ஆனால் கேட்டால் நிற்பார். பூட்டிய மாட்டையும் நிறுத்திக்கொண்டு நிற்பார். அவர் போனபிறகு இந்தப் பழைய வீட்டில் நான் மட்டும். கொழுந்தன் தங்கராசும் அவன் சம்சாரம் புஷ்பவல்லியும் ஒரு சுவர் தள்ளிப் புது வீட்டில்.

புஷ்பவல்லியைக் குறை சொல்வதற்கில்லை. எனக்குக் களியும் குழம்பும் தவறாமல் கொண்டுவருகிறவள் அவள்தான். "அக்கா, ராத்திரி தூங்குனீங்களா?" என்பாள். அதைக் கேட்கும்போதே கிண்ணம் தரையில் இருக்கும், அவள் படலுக்கு வெளியே இருப்பாள். "இல்லம்மா" என்று நான் சொல்வது அவள் முதுகுக்கு. ஒருநாள் விடாமல் கூப்பிட்டேன்.

"ஏம்மா புஷ்பம், கேட்டியே, பதில் வேணாமா?"

"உங்களுக்கென்னக்கா, மகாராணியாட்டம் தூங்கியிருப்பீங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் இறந்த அன்று அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெரியவங்க கடேசியா என்னக்கா சொன்னாங்க?" நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் யாரோ, "புஷ்பவல்லி, வந்தவங்களுக்குத் தண்ணி குடும்மா" என்றார்கள். "தோ வந்துர்றேங்க்கா" என்று எழுந்தாள். வரவில்லை. மறுபடி கேட்கவுமில்லை. வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பதில் வருஷக்கணக்காக என்னிடமே கிடந்தது.

குழிக்கு வருகிறேன். என் கொல்லையில் இருப்பது மாமனார் காலத்துச் சோளக்குழி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், வாய் மட்டும் ஒருவர் நுழையும் அளவு. இறங்குகிற ஏணி எப்போதும் உள்ளேயே நிற்கும். சோளத்தைக் கொட்டி, பலகைக்கல்லால் மூடி, மண் பூசிவிட்டால் பூச்சி அண்டாது. ஆனால் மூடிக் கிடக்கிற குழிக்குள் மூச்சை அடைக்கிற கெட்ட காற்று தங்கும். விடியற்காலையில் மூடியைத் தள்ளி வைத்து, உச்சிப்பொழுதுவரை விட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவது. விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். இங்கே உள்ளவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும்.

தங்கராசு அரியலூர் ரயிலடிக்குக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, "அண்ணி, நாளைக்கு விடியக்காலம் குழி மூடியத் தள்ளி வச்சிடுங்க. செல்லக்கண்ணு வந்து எறங்குவான்" என்றான். செல்லக்கண்ணு எங்கள் பண்ணையாள். எப்போதும் அவன்தான் இறங்குவான்.

மறுநாள் காலையில் புஷ்பவல்லி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அக்கா, செல்லக்கண்ணுக்குக் காய்ச்சலாம். களையெடுக்கறவங்களுக்குச் சோளம் அளக்கணும். உச்சிப்பொழுதுல நானே எறங்கிக்கறேன், மூடியத் தள்ளி வச்சிடுங்க. ஒடம்பு தேவலையாக்கா?"

கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறந்தேன். சுவருக்கு மேலே தலை இல்லை.

அப்போது என் கையில் கடப்பாரை இருந்தது. மண்பூச்சைச் சுரண்டி முடித்துவிட்டு மூடியை நெம்பப் போயிருந்தேன். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு மூடிக்கல்லின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. வெயில் ஏறிச் சூடான பிறகும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வேலையும் இல்லை.

அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை ஐயா. ஒரே ஒரு தடவை அவள் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். நினைத்தது அவ்வளவுதான். நின்றால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன்.

உச்சிப்பொழுதில் படல் திறக்கிற சத்தம் கேட்டது. கல்லை நெம்பித் தள்ளினேன். சுலபமாக நகர்ந்தது. விளக்கை முன்னமே ஏற்றி, கயிறு கட்டி, குழிவாய் ஓரமாக வைத்திருந்தேன். அது எரிந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு, இறக்கிப் பார்த்து மேலே எடுத்த விளக்காகத் தோன்றியிருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவள் கேட்டாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"காலையிலயே தொறந்துட்டீங்கள்லக்கா? வெளக்கு எறக்கிப் பாத்தாச்சா?"

"அது வந்து புஷ்பம்" என்று ஆரம்பித்தேன். நான் எப்போதும் நிதானமாகத்தான் பேசுவேன்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா கவல" என்று சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகி ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

இப்போதுதான் திறந்தேன், இன்னும் விளக்கு இறக்கவில்லை என்ற மிச்சத்தையும் நான் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. என் வழக்கமான குரலில் சொன்னேன். கத்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதற்குள் அவள் தலை மறைந்துவிட்டது.

உள்ளேயிருந்து "அக்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "என்னம்மா?" என்றேன். பிறகு ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பக்கத்துக் களத்தில் ஆட்கள் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. சாயங்காலம் களையெடுத்தவர்கள் சோளத்துக்கு வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. கயிறு கட்டித் தூக்கினார்கள். தங்கராசு அரியலூரிலிருந்து வந்து விழுந்து அழுதான். "அவசரக்காரி அண்ணி அவ, எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றான். நானும் ஆமாம் என்றேன். "இனிமே ஒங்களுக்குத்தான் யாரு இருக்கா அண்ணி?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனை யாரோ பாடை கட்டுகிற இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவள் படலைத் திறந்த பிறகுதான் நான் மூடியைத் திறந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாக எழுதுங்கள்.

அந்த மத்தியானம் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. குழிவாயில் உட்கார்ந்திருந்தேன். ஏணி சாய்ந்த பிறகு, என் வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். "மாட்டக் கட்டியாச்சான்னு கேட்டாரு புஷ்பம். கட்டியாச்சுன்னேன். அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கண்ண மூடுனாரு" என்றேன். பிறகு முழங்காலைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி, அவள் குழம்பில் எப்போதும் புளி ஒரு பிடி அதிகம் என்பதைப் பற்றிக்கூடச் சொன்னேன். பொழுது சாய்கிறவரை பேசினேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகவுமில்லை. நான்தான் அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன் ஐயா. நேரம் கிடைத்தால் அவளும் பொறுமையாகக் கேட்கிறவள்தான்.